நிறம் வராத தண்ணீர்

டீ டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்ட மருந்துக்கடைக்காரர் உடனே குடிக்கவில்லை. டம்ளரை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, இது எந்தத் தண்ணீரில் போட்டது என்று என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக் கேட்டார். இவர் என்றால் என் கணவர். மொட்டைமாடி டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீர்தான், கொதிக்க வைத்து வடிகட்டியது, நானே அடுப்படியில் நின்று பார்த்தேன் என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் குடித்தார்கள். காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நான் சமையலறை வாசலில் நின்றேன். இந்த ஊரின் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. என் வீட்டில், நான் போட்ட டீக்கு, என் கணவர் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு அன்று கால் வலிதான் பெரிதாக இருந்தது.

அவர்கள் நம்பியது இதுதான். குழாயில் வரும் தண்ணீரில் ஏதோ ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். அதனால்தான் ஊரில் இத்தனை பேருக்கு மறதி, இத்தனை பேருக்குக் கிட்னி கெட்டுப்போகிறது, யாருக்கும் எதையும் எதிர்த்துக் கேட்கத் தோன்றுவதில்லை. கலப்பது யார் என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஒருவர் அரசாங்கம் என்பார், ஒருவர் வெளிநாட்டு மருந்துக் கம்பெனி என்பார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அரசாங்கத்துக்கே தெரியாமல் நடக்கிறது என்பார். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது என்று முதல் மாதம் நான் வாய் திறந்து சொல்லியிருக்கிறேன். ஒன்பது பேரும் என்னைப் பொறுமையாகப் பார்த்தார்கள். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன், போடவில்லை. யார் செய்தால் என்ன, மறைக்கிறார்கள் அல்லவா என்றார் ரயில்வேக்காரர். மறைக்கிறார்கள் என்பதில் அவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இவர் ஒரு நாளிதழில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்துபவராக இருந்தார். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பக்கமும் இவர் மேசையைத் தாண்டித்தான் போகும். ஒரு புள்ளி விடுபட்டாலும் இவர் கண்ணுக்குத் தப்பாது. எங்கள் மகள் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் கோபத்தில், ‘நான் வீட்டை விட்டுப் போகிறேன், தேட வேண்டாம்’ என்று எழுதி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் இவர் அதில் நான்கு பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, கீழே மதிப்பெண்ணும் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் சிரித்துவிட்டாள், போகவில்லை. அப்படிப்பட்ட மனிதர். பிறகு பத்திரிகை அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்யக் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று வந்தது. ஐந்து பேரை ஒரே நாளில் கைகுலுக்கி அனுப்பி வைத்தார்கள். மறுநாள் காலைப் பேப்பரில் முதல் பக்கத்திலேயே இரண்டு பிழை. இவர் இரண்டையும் சிவப்பில் சுழித்தார். சுழித்த பேப்பரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போதும் அது அங்கேயே கிடந்தது.

பார்த்துப் பழகிய கண் வேலை போனதும் மூடிக்கொள்ளுமா? பஸ் டிக்கெட்டைப் படிப்பார். மாத்திரை அட்டையைப் படிப்பார். கரண்ட் பில்லின் பின்பக்கத்து விதிமுறைகளைப் படித்துப் பதினொரு பிழைகளுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகம் வருடா வருடம் வீடு வீடாகப் போடும் குடிநீர்த் தர அறிக்கையும் வந்தது. நான்கு பக்கம், யாரும் படிக்க மாட்டார்கள். இவர் படித்தார். பழைய காகிதக்கட்டில் இருந்து முந்தின வருடத்து அறிக்கையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் படித்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மாத அளவுகளும் இரண்டு வருடத்திலும் ஒன்றாக, அதே வரிசையில், புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கூட மாறாமல் இருப்பதை எனக்குக் காட்டினார். எவனோ சோம்பேறி, பழையதையே எடுத்து ஒட்டிவிட்டிருப்பான் என்று நான் சிரித்தேன். வாயில் சோறு இருந்தது, புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. இரண்டு தாள்களையும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இவர் சொன்னது சரி. இருபத்தெட்டு வருடத்தில் கண்டுபிடித்த எல்லாப் பிழைகளையும் போல அதுவும் உண்மையான பிழை. மறுநாள் அலுவலகத்தில் விசாரித்தேன். அறிக்கையைத் தட்டச்சு செய்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அசல் பதிவேட்டில் எண்கள் வேறாகத்தான் இருந்தன, எல்லாம் நல்ல எண்கள். அதைப் பிரதி எடுத்து வந்து இவரிடம் கொடுத்தேன். இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாப் பக்கமும் ஒரே பேனாவில் எழுதியதுபோல இருக்கிறதே, இது எப்போது எழுதியது என்று கேட்டார். அலுவலகத்தில் ஒரே பேனாதான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். இவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து எங்கிருந்தோ மருந்துக்கடைக்காரர் வந்தார். இவர் அந்த இரண்டு தாள்களையும் அவரிடம் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

மருந்துக்கடைக்காரர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் யாருக்கும் எதையும் விற்கவில்லை. தன் கடையில் தூங்குவதற்கான மாத்திரையும் சிறுநீரகத்துக்கான மாத்திரையும் வருடா வருடம் அதிகமாகப் போவதைப் பார்த்துப் பயந்துபோன மனிதர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். எல்லாரும் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார்கள். இவர் பேசும்போது எல்லாரும் குறிப்பெடுப்பார்கள். வேலை போன பிறகு இவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதனால்தான் நான் ஒன்பது டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டத்தில் ஒரே ஒரு பெண் உண்டு, துணி தைப்பவர். எல்லாரும் அவரைத் தையற்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு வயது மகனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்யக் கூட்டிப் போகிறார். நான் வேலைக்குப் போகும் அதே பஸ்தான், என்னுடைய நிறுத்தத்துக்கு ஒன்று முன்னால் இறங்குவார்கள். ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு சமையலறைக்கு வந்து, பைக்குள் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர். யாருக்கும் தெரியாமல் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சுத்தமான பாட்டில் கொடுத்து மறுபடி பிடித்து வரச் சொல்லி, ஆய்வுக்கூடத்தில் என்னென்ன சோதனை உண்டோ அத்தனையும் செய்தேன். நான்கு நாள் கழித்து பஸ்ஸில் சொன்னேன்.

“தண்ணில ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கு.”

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டது மாதிரி பார்த்தார்.

“அப்ப எதனால வந்துச்சு?” என்றார்.

டாக்டர்கள் சொல்வார்களே என்றேன்.

“அவங்க தெரியலங்கறாங்க. காரணம் தெரியலன்னு ஃபைல்லயே எழுதிக் குடுத்துட்டாங்க.”

மகன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். என் சோதனைகளில் எதற்கும் அந்தக் கேள்விக்கான பதில் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மகளுக்கு அந்தச் சமயம் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேறு ஊரில் இருக்கிறாள். கைக்குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரில் பால் கலக்காதே என்று இவர் மருமகனுக்குத் தினமும் போன் செய்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை பத்து மணிக்கு என் அலுவலகத்துக்கு மகள் போன் செய்தாள். லீவுக்கு இங்கே வருவதாக இருந்தவள், வரவில்லை என்றாள். நான் இருக்கிறேனே, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “நீ வேலைக்குப் போயிடுவம்மா. அவர நம்பி பிள்ளைய விட்டுட்டு நான் குளிக்கக்கூட போக முடியாது. அந்த டிரம் தண்ணிய எடுத்து ஊட்டிட்டாருன்னா?” என்றாள். அந்த டிரம்மில் கொசுப்புழு நெளிவதை அவளே முன்பு பார்த்திருக்கிறாள். இவரை மாற்ற நான் எதையும் செய்யவில்லை என்றும் சொன்னாள். தண்ணீரைச் சோதிக்கும் எனக்கே இவர் காது கொடுக்கவில்லை என்றால் வேறு யாரைக் கூட்டி வருவது? போனை வைத்துவிட்டு அடுத்த மாதிரிப் பாட்டிலை எடுத்தேன்.

அதற்கடுத்த மாதம், ஒரு புதன்கிழமை, அது நடந்தது. எங்கள் வேலையில் காலையின் முதல் சோதனை மிகவும் எளியது. தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் எடுத்து அதில் ஒரு மாத்திரையைப் போட வேண்டும். கிருமியைக் கொல்வதற்காகக் கலந்த குளோரின் மிச்சம் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். அன்று மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன், நிறம் வரவில்லை. மாத்திரை பழசாக இருக்கலாம் என்று புது டப்பாவை உடைத்தேன், வரவில்லை. குப்பிக்குள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால், இதைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா என்பார்கள். பம்பு அறைக்குப் போன் செய்தேன். குளோரினைச் செலுத்தும் மோட்டார் விடியற்காலையிலேயே நின்றிருக்கிறது. நின்றால் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை, பல்பு ஃபியூஸ் போயிருந்தது. சரிசெய்து மறுபடி ஓடவிடும்போது மணி பத்தரை. ஆறு மணி நேரம் ஊருக்கு வெறும் தண்ணீர் போயிருக்கிறது.

எங்கள் பிரிவின் தலைவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, சர்க்கரை நோய், எப்போதும் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். நான் விதிமுறைப்படி மக்களுக்கு அறிவிக்க வேண்டும், கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கிருமி இருக்கிறதா என்று தெரிய ஒருநாள் ஆகும், அதுவரைக்கும் பொறுப்போம் என்றார். பிறகு சொன்னார்: “ஏற்கெனவே ஊர்ல ஒரு கூட்டம் விஷம் விஷம்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. இப்ப நாம போய் மைக் வெச்சு அறிவிச்சா என்னாகும்? உங்களுக்குத் தெரியாததா?” கடைசி வாக்கியத்தை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் காதுக்கு எட்டியிருக்கலாம். நான் பதிவேட்டைத் திறந்து, அந்த நேரத்துக்கு எதிரே, குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவான 0.2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கிருமிச் சோதனையின் முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தலைவர் எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். ஓய்வு பெற்றுப் போன அந்தத் தட்டச்சுக்காரரை நான் சோம்பேறி என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவருக்கும் யாராவது இப்படி ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமைகளில் காலைப் பேப்பரைத் திருத்தி முடித்ததும் இவர் என்னைப் பார்த்து, “இந்த வாரம் ஏதாவது?” என்று கேட்பார். காய்கறி ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்பது மாதிரிதான் இருக்கும். ஒன்றுமில்லை என்பேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அது உண்மையாக இருந்தது. அந்த முதல் சனிக்கிழமையும் ஒன்றுமில்லை என்றேன். இரண்டாவது சனிக்கிழமை என்னால் முடியவில்லை. இவர் பேப்பரை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னை நிமிர்ந்து பார்த்தபோது, சொல்லிவிட்டேன். நிறம் வராததை, பல்பை, ஆறு மணி நேரத்தை, நான் எழுதிய எண்ணை, எல்லாவற்றையும்.

நான் முடித்ததும் இவர் கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு, எந்தக் குப்பி, கையெழுத்து யாருடையது, பதிவேட்டில் எந்தப் பக்கம். மேசைக்கு வந்த பக்கத்தை முழுதாகப் படித்துப் பார்க்கும் அந்தப் பழைய மனிதரைச் சில நிமிடங்கள் பார்த்தேன். இவர் கோபப்பட்டாலும், ஊரெல்லாம் சொன்னாலும், ஒன்றையாவது என் வாயிலிருந்து கேட்டு ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான்.”

“மோட்டார் நின்னுச்சுன்னு அவங்க உங்கிட்ட சொன்னாங்க. நீ போய்ப் பாத்தியா?”

“நிறம் வரலையே. அத நான்தானே பாத்தேன்.”

“நிறம் வரலன்னா குளோரின் இல்ல. சரி. குளோரினுக்குப் பதிலா என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்லைங்க. தண்ணி இருந்துச்சு. வெறும் தண்ணி.”

இவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். சின்னக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி இல்லை, ரொம்ப நாள் ஏமாந்துபோன ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி. ஒரு பல்பு ஃபியூஸ் போனதுக்கா இவ்வளவும் மறைப்பார்கள் என்று கேட்டார். ஆமாம், ஒரு பல்புக்குத்தான் மறைப்பார்கள், நானே மறைத்தேன் என்றேன். தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பத்து நாளாக என் வேலைக்கே உலை வைக்கும் என்று நான் வயிற்றில் சுமந்துகொண்டிருந்த ரகசியம் இவருக்குப் போதவில்லை. இரண்டு வருடமாக நான் உண்மை சொன்னபோது நம்பாதவர், நான் சொன்ன ஒரு பொய்யை ஒத்துக்கொண்டபோதும் நம்பவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. துணி துவைக்கப் போட்டிருந்தேன், எடுத்து உலர்த்தப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் பம்பு அறையில் வேலை பார்க்கும் ஒருவரின் மைத்துனர் வழியாகச் செய்தி மருந்துக்கடைக்காரருக்கு எட்டியிருந்தது. ஆறு மணி நேரம் என்பது அவரிடம் வந்து சேரும்போது ஆறு நாளாகியிருந்தது. மோட்டார் நிற்கவில்லை, வேண்டுமென்றே நிறுத்தி வேறொன்றை விட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று ஆகியிருந்தது. அவர் குரலை உயர்த்தாமல், வீட்டம்மா வந்து கொஞ்சம் உட்கார வேண்டும், இத்தனை நாள் நாங்கள் அவரை ஒன்றும் கேட்டதில்லை, இன்று கேட்கிறோம் என்றார். ஒரு நாற்காலியைக்கூட காலி செய்து வைத்தார்கள். நான் தட்டோடு வாசலில் நின்றேன். இவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பக்க எண்கூட இவருக்குத் தெரியும்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் புதன்கிழமை அவ லீவு,” என்றார் இவர். “காய்ச்சல். எழுந்திரிக்கவே இல்ல. நான்தான் பக்கத்துல இருந்து கஞ்சி வெச்சுக் குடுத்தேன்.”

இவருக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது. கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் இவர் என் முன்னால் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. பழக்கமில்லாததால் அளவுக்கு மேல் சொல்லிவிட்டார். எல்லாரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தையற்காரம்மா மட்டும் என்னைப் பார்த்தார். அந்தப் புதன்கிழமை காலை நானும் அவரும் பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போயிருந்தோம். அவர் குனிந்து புடவையில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

அவர் சொல்லாவிட்டாலும் ஊர் சிறியது. அன்று என்னை அலுவலக வாசலில் பார்த்தவர் வேறு யாரோ இருந்திருக்கிறார். வியாழக்கிழமை மாலை இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாட்ஸ்அப் குழுவில் இருந்து இவரை நீக்கிவிட்டார்கள். நீக்குவதற்கு முன் மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்ததை என்னிடம் படித்துக் காட்டினார். இரண்டு வருடமாகக் கூட்டத்தின் நடுவில் ஆளை உட்கார வைத்து நம் ஒவ்வொரு அசைவையும் தெரிந்துகொண்டிருக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே கைக்கூலி இருந்திருக்கிறான் என்று அதில் இருந்தது. இவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கைக்கூலியில ஒற்று விட்டுட்டாரு,” என்றார்.

ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்கும் என்றார். அதற்குப் பிறகு, தான் சொன்னது அவர்களுக்கு எப்படிப் புரியாமல் போனது என்று ஆச்சரியப்பட்டார். ஒருத்தன் தன் வீட்டுக்காரிக்காக ஒரு பொய் சொன்னால் அதற்குப் பின்னால் யாராவது இருக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கேள்வியைத் தண்ணீர் விஷயத்திலும் கேட்கலாம் என்று இவருக்குத் தோன்றவில்லை. கேட்டு முடித்துவிட்டு எழுந்து, வழக்கம்போல மொட்டைமாடிக்குப் போய்த் தனக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தார். கூட்டம் போய்விட்டது, நம்பிக்கை போகவில்லை. இப்போது அதை இவர் தனியாகச் சுமக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். மகள் போனில், அப்பா சரியாகிவிட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். இளைத்துப் போயிருக்கிறார் என்றும் சொன்னேன். பின்னால் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பஸ்ஸில் தையற்காரம்மா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். முன் இருக்கையில் மகன். கூட்டத்தை இப்போது மருந்துக்கடையின் மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். போனீர்களா என்றேன். போகத்தான் செய்கிறேன் என்றார்.

“தண்ணில ஒண்ணும் இல்லன்னு நீங்க அன்னைக்குச் சொன்னத நான் நம்பாம இல்ல. ஆனா ஆஸ்பத்திரில நம்பர்தான் கூப்பிடறாங்க. அங்க போனா உக்கார வெச்சு, பையன் எப்படி இருக்கான்னு கேக்கறாங்க.” முன் இருக்கையில் இருந்த மகனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரர் பொய் சொன்னாரு. உங்களுக்காகத்தானேன்னு எனக்குத் தோணுச்சு. அவங்களுக்கு வேற மாதிரி தோணிடுச்சு. அன்னைக்கு என்னதான் ஆச்சு?”

சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது அது இன்னும் சின்னதாக இருந்தது. நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் இவரைப் போலப் பெரிதாக எதையும் தேடவில்லை. விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார்.

“அது புதன்கிழமை,” என்றார். “அன்னைக்கு இவனுக்கு மிஷின்ல போட்ட நாள். அந்த மிஷினுக்குப் போற தண்ணியும் இதே தண்ணிதானே?”

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எழுதும்போதும் இல்லை, கிருமி இல்லை என்று தெரிந்து டீ குடிக்கும்போதும் இல்லை, இத்தனை நாளில் ஒரு தடவைகூட இல்லை. அந்த இயந்திரத்துக்கு ஊர்த் தண்ணீர் அப்படியே போகாது, அவர்கள் தனியாகச் சுத்திகரித்துத்தான் பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒழுங்காகச் சுத்திகரிக்கிறார்களா, அந்த ஆறு மணி நேரத்தை அது தாங்கியிருக்குமா என்று தெரியாது. அவர்களைக் கேட்க வேண்டும். கேட்டால், எதற்காகக் கேட்கிறேன் என்றும் சொல்ல வேண்டும்.

“எனக்குத் தெரியலம்மா,” என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பழக்கம். நிறுத்தம் வந்ததும் மகனின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். நானும் எழுந்து அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன். உங்கள் நிறுத்தம் அடுத்ததுதானே என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து உள்ளே நீண்ட நடை. மகன் மெதுவாக நடந்தான், அவன் வேகத்துக்கு அவர், அவர் வேகத்துக்கு நான். இயந்திரப் பிரிவுக்குப் பொறுப்பானவரைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலில் இருந்தவரிடம் கேட்டேன். என்ன விஷயமாக என்றார். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருந்து வருகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நாற்பத்தொன்று.

மகனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கட்டிலில் சாய்ந்திருந்த அவன் கையில் இருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின, ஒன்றில் போய் ஒன்றில் திரும்பி வந்துகொண்டிருந்தது. தையற்காரம்மா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பையில் இருந்து யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு பொத்தான் தைக்க ஆரம்பித்தார். முப்பத்து நான்கைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அவர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு, சுற்றிலும் பார்த்து, கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் அவர் கையில் இருந்த சீட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு அவர் தோளை மெல்லத் தொட்டார்.